பச்சைப்பால் நேரடி விற்பனை

பச்சைப்பால் நேரடி விற்பனை என்பது மாடு வளர்ப்பவர் தாம் கறந்த பாலைச் சூடேற்றிப் பதப்படுத்தாமலும், கூட்டுறவுச் சங்கத்திற்கோ தனியார் பால் நிறுவனத்திற்கோ அளிக்காமலும், நுகர்வோருக்குத் தாமே விற்பதைக் குறிக்கும். வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் நாள்தோறும் ஊற்றப்படும் வாடிக்கைப் பால் இதன் பரவலான வடிவம் ஆகும். இக்கட்டுரை இவ்விற்பனைக்கு இந்தியாவில் உள்ள விதிகளையும், தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், ஓரிரு கறவை மாடுகள் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அவை எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் விளக்குகிறது.

பச்சைப்பால் விற்பனையைச் சில நாடுகள் முற்றிலும் தடை செய்துள்ளன. இந்தியாவில் அவ்வாறான தடை இல்லை. இந்தியச் சட்டம் இவ்விற்பனையில் முதன்மையாக இரண்டு வினாக்களை எழுப்புகிறது: விற்பவர் யார் என்பது பதிவு செய்யப்பட்டுள்ளதா? பாலில் இருக்க வேண்டிய சத்துகள் குறையாமல் உள்ளனவா? பாலில் உள்ள நோய்க்கிருமிகளை அழிக்கும் பொறுப்பு நடைமுறையில் வாங்குபவரின் அடுப்பிற்கே விடப்பட்டுள்ளது. பால் காய்ச்சிய பின்னரே பயன்படுத்தப்படும் வரை இந்த ஏற்பாடு பெரும்பாலும் வேலை செய்கிறது. அடுப்பினால் நீக்க முடியாத குறைகளும் பாலில் உண்டு என்பதால், இவ்வேற்பாட்டின் எல்லைகளையும் அறிந்திருப்பது தேவையாகும்.

சொற்பொருள்

பேச்சுவழக்கில் பச்சைப்பால் என்பது காய்ச்சாத பாலைக் குறிக்கும். பன்னாட்டு உணவு நெறிமுறை அமைப்பான கோடெக்சு, பாலுக்கான தூய்மை நடைமுறை விதித்தொகுப்பை 2004 ஆம் ஆண்டு வெளியிட்டது. 40 °செ வெப்பநிலைக்கு மேல் சூடேற்றப்படாத, அதற்கு ஒப்பான வேறு எந்தப் பதனமும் செய்யப்படாத பாலே பச்சைப்பால் என அது வரையறுக்கிறது.

இந்திய விதிகளின்படி பால் என்பது நலமுள்ள கறவை விலங்கின் மடியிலிருந்து முழுமையாகக் கறக்கப்பட்ட, எதுவும் சேர்க்கப்படாத, எதுவும் எடுக்கப்படாத, சீம்பால் கலவாத சுரப்பு ஆகும். விலங்கு நலமுடன் இருக்க வேண்டும் என்பது இவ்வாறு வரையறையிலேயே இடம்பெற்றுள்ளது. ஆயினும் அங்காடியில் எடுக்கப்படும் பால் மாதிரியில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனைகள் மாட்டின் உடல்நலத்தைக் காட்டுவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் பால்

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் ஆகிய ஐந்து வட்டங்களைக் கொண்டது. மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடைப்பட்ட கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. 1895 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் பாசனம் பெறுகிறது. நெல்லுடன் வாழை, திராட்சை, தென்னை, கரும்பு ஆகியவையும் பயிராகின்றன. ஆண்டிற்கு இருமுறை கிடைக்கும் வைக்கோலும் கரும்புச் சோகையும் வரப்புப் புல்லும் கறவை மாடுகளுக்குத் தீவனமாகின்றன.

சிறு விவசாயியின் பால் பொதுவாக மூன்று வழிகளில் வெளியே செல்கிறது.

1. கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். சங்கங்கள் மாவட்ட ஒன்றியத்துடனும், ஒன்றியங்கள் 1981 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையத்துடனும் இணைந்துள்ளன. இணையத்தின் வணிகப் பெயர் ஆவின் ஆகும்.
2. தனியார் பால் நிறுவனங்களும் அவற்றிற்காகப் பால் சேகரிக்கும் முகவர்களும்.
3. வீடு, தேநீர்க் கடை, உணவகம் ஆகியவற்றிற்கான நேரடி விற்பனை.

மூன்றாவது வழியை விவசாயிகள் நாடுவதற்கு விலையே முதன்மைக் காரணம் ஆகும். எடுத்துக்காட்டாக, 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பால் விலையை 41 ரூபாயிலிருந்து 44 ரூபாயாகவும் உயர்த்தியது. அப்போது கொழுப்புக் குறைந்த நீல நிற உறைப் பாலை ஆவின் லிட்டர் 40 ரூபாய்க்கு விற்றது. உறைப் பாலின் விலையை வாடிக்கை வீட்டில் பெற்றாலே விவசாயிக்குச் சங்க விலையைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். நாளுக்கு எட்டு லிட்டர் விற்கும் குடும்பத்திற்கு இந்த வேறுபாடு தீவனச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். இதற்கு மாறாக, சங்கம் பாலை மறுநாளும் வாங்கும். வாடிக்கை வீடு ஊருக்குச் சென்றுவிட்டால் அன்றைய பால் மிஞ்சிவிடும்.

சட்ட வரலாறு

1954 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் 1955 ஆம் ஆண்டு விதிகளும் நெடுங்காலம் பால் விற்பனையை ஆண்டன. அவ்விதிகளில் பாலின் தர அளவு மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டது. 1992 ஆம் ஆண்டின் பால் மற்றும் பால்பொருள் ஆணை நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேல் கையாளும் நிலையங்களைப் பதிவுக்கு உட்படுத்தியது. சிறு விவசாயி அதன் வரம்பிற்குள் வரவில்லை.

இவை இரண்டிற்கும் மாற்றாக வந்ததே 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் ஆகும். இதன் விதிமுறைகள் 2011 ஆகத்து 5 அன்று நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டம் கலப்படத்தைத் தடுப்பதையே மையமாகக் கொண்டிருந்தது. புதிய சட்டம் உணவுத் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் உரிமம் அல்லது பதிவு பெற வேண்டும் என்னும் அடிப்படையில் அமைந்தது. மத்தியில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும், மாநிலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையரும், மாவட்டத்தில் நியமன அலுவலரும், அவருக்குக் கீழ் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இச்சட்டத்தைச் செயற்படுத்துகின்றனர்.

விவசாயிக்கான விலக்கும் பதிவும்

நேரடியாகப் பால் விற்கும் விவசாயி பதிவு செய்ய வேண்டுமா என்பது எளிய வினாவாகத் தோன்றினாலும், அதற்கான விடை சட்டத்தின் மூன்று இடங்களைச் சேர்த்துப் படித்தே கிடைக்கிறது.

முதலாவது, சட்டத்தின் 18(3) ஆம் பிரிவு. இச்சட்டத்தின் விதிகள் விவசாயிக்கும் மீனவருக்கும், வேளாண் செயல்களுக்கும் கால்நடைகளுக்கும் பொருந்தா என இப்பிரிவு கூறுகிறது. அடிப்படை உணவுப் பொருளை வரையறுக்கும் பிரிவும், விவசாயி அல்லாத ஒருவரின் கைக்கு வந்த விளைபொருளையே அவ்வாறு குறிப்பிடுகிறது. இவற்றை மட்டும் படித்தால், மாட்டுக்கொட்டிலில் விவசாயியின் கையில் உள்ள பால் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது எனப் பொருள்கொள்ள இடம் உண்டு.

இரண்டாவது, சட்டத்தின் 31 ஆம் பிரிவு. உணவுத் தொழில் செய்வோர் உரிமம் பெற வேண்டும் எனவும், சிறு உற்பத்தியாளர், சிறு சில்லறை வணிகர், தெருவில் கூவி விற்பவர் ஆகியோர் உரிமத்திற்கு மாறாகப் பதிவு மட்டும் செய்தால் போதும் எனவும் இது கூறுகிறது.

மூன்றாவது, 2011 ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள். பதிவு செய்யப்பட்ட பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, தமது முழுப் பாலையும் அச்சங்கத்திற்கே அளிக்கும் உற்பத்தியாளருக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கூட்டுறவு உறுப்பினருக்கு எனத் தனியாக விலக்கு எழுதப்பட்டிருப்பதால், ஏனைய பால் உற்பத்தியாளர்கள் பதிவு செய்ய வேண்டும் என்பதே இவ்விதியிலிருந்து கிடைக்கும் பொருள் ஆகும்.

இவ்விலக்கில் 'முழுப் பாலையும்' என்னும் சொல் முதன்மையானது. காலைப் பாலைச் சங்கத்தில் ஊற்றி, மாலைப் பாலைப் பக்கத்து வீடுகளுக்கு அளக்கும் உறுப்பினர் இவ்விலக்கை இழக்கிறார். ஊர்ப்புறங்களில் இவ்வாறு பிரித்து விற்பது இயல்பான பழக்கம் என்பதால், சட்டத்தை மீறும் எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவர் தம்மை அறியாமலே பதிவு தேவைப்படும் நிலைக்கு வந்துவிடக்கூடும்.

பதிவின் வரம்பும் நடைமுறையும்

2011 ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்த வரம்புகள் பின்வருமாறு. இவை அவ்வப்போது திருத்தப்படுபவை ஆகும்.

- நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் கொள்முதல் செய்வோர் அல்லது கையாள்வோர்: பதிவு.
- நாளொன்றுக்கு 501 முதல் 50,000 லிட்டர் வரை: மாநில உரிமம்.
- நாளொன்றுக்கு 50,000 லிட்டருக்கு மேல்: மத்திய உரிமம்.

பதிவுக் கட்டணம் ஆண்டிற்கு 100 ரூபாய் என அவ்விதிமுறைகளில் குறிக்கப்பட்டது. விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதிவு அலுவலர் பதிவை வழங்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்வையிட அறிவிப்பு அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் முடிவு எதுவும் தெரிவிக்கப்படாவிடில் சிறு வணிகர் தொழிலைத் தொடங்கலாம் எனவும் விதி இடமளித்தது. விண்ணப்பத்தைத் தாளில் எழுதி அளிக்கும் முறை பின்னர் இணையவழிக்கு மாறியது. பதிவு பெற்றவருக்கு 14 இலக்க எண் வழங்கப்படும்.

பதிவு பெற்றவர் விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் உள்ள அடிப்படைத் தூய்மை நெறிகளைப் பின்பற்ற வேண்டும். குடிக்கத்தக்க நீரால் பாத்திரங்களைக் கழுவுதல், தொற்றுநோய் உள்ளவர் உணவைக் கையாளாதிருத்தல், பாத்திரங்களை மூடி வைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவை தவிர, 2009 ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தின்படி பால் அளக்கும் அளவை முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். பாலை உறையிலோ புட்டியிலோ அடைத்துப் பெயரிட்டு விற்றால், சில்லறையாக அளந்து ஊற்றும் பாலுக்கு இல்லாத பொதிவு, முகப்புச்சீட்டு விதிகளும் சேர்ந்துகொள்ளும். புதுப்பாலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை.

தர அளவுகள்

முந்தைய சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் பசும்பாலில் குறைந்தது 3.5 விழுக்காடு கொழுப்பும் 8.5 விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருளும் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டிருந்தது. கொழுப்பற்ற திடப்பொருள் என்பது புரதம், பால்சருக்கரை, தாது உப்புகள் ஆகியவற்றின் கூட்டு ஆகும்; பால் சங்கங்களில் இது எசு.என்.எப் என வழங்கப்படுகிறது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நாடு முழுவதற்கும் பொதுவாகப் பசும்பாலுக்கு 3.2 விழுக்காடு கொழுப்பும் 8.3 விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருளும் குறைந்த அளவுகளாக வைக்கப்பட்டன. பாலில் நீர் சேர்த்து விற்பது, எவ்வளவு சிறிய அளவாயினும், தடை செய்யப்பட்டது.

இரண்டு அளவுகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதைக் கீழ்வரும் கணக்கு விளக்கும். 4.2 விழுக்காடு கொழுப்பும் 8.6 விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருளும் உள்ள 9 லிட்டர் பசும்பாலில் ஒரு லிட்டர் நீர் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம்.

- கொழுப்பு: 4.2 × 0.9 = 3.78 விழுக்காடு. குறைந்த அளவான 3.2 ஐ விட அதிகம், தேறுகிறது.
- கொழுப்பற்ற திடப்பொருள்: 8.6 × 0.9 = 7.74 விழுக்காடு. குறைந்த அளவான 8.3 ஐ விடக் குறைவு, தவறுகிறது.

கொழுப்பை மட்டும் அளந்திருந்தால் இப்பால் தேறியிருக்கும். பால்மானி பாலின் அடர்த்தியைக் கொண்டு இக்குறையைக் காட்டுகிறது. ஆயினும் வெப்பநிலை மாறினால் அதன் அளவும் மாறும். நீருடன் சருக்கரையோ உப்போ சேர்த்தால் ஏமாந்தும் போகும். ஆகவே பால்மானியின் 'டிகிரி' ஒன்றை மட்டும் கொண்டு பாலின் தரத்தை உறுதியாகக் கூற இயலாது.

இதே அளவுகோல் நேர்மையான விவசாயிக்கும் இடர் தரக்கூடியது. கலப்பினப் பசுக்கள் சிலவற்றின் பாலில், தீவனப் பற்றாக்குறையாலும் கோடை வெப்பத்தாலும், ஒரு துளி நீரும் சேர்க்காத நிலையிலேயே கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 விழுக்காட்டிற்குக் கீழே இறங்குவது உண்டு. பல மாடுகளின் பால் ஒன்றாகக் கலக்கும் சங்கத் தொட்டியில் இக்குறை சமன்படும். ஒரே மாட்டின் பாலைத் தனியாக விற்பவருக்கு அந்தச் சமன்பாடு கிடைப்பதில்லை. பச்சைப்புல்லுடன் அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் அளவாகத் தருவதே இதற்கான நீடித்த தீர்வாகும்.

மாதிரி எடுத்தலும் தண்டமும்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பால் மாதிரி எடுக்கும்போது அதற்குரிய விலையை விற்பவருக்குத் தர வேண்டும். மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கும், இரண்டு பகுதிகள் நியமன அலுவலருக்கும் அனுப்பப்படும். விற்பவர் கேட்டுக்கொண்டால் நான்காவது பகுதி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திற்கு அனுப்பப்படும். அதன் செலவு விற்பவருடையது. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை ஏற்காதவர் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். நான்காவது பகுதியைக் கேட்கும் உரிமையை அறிந்திருப்பது சிறு விற்பனையாளருக்கு முதன்மையான பாதுகாப்பாகும்.

குறையுள்ள உணவைச் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை. தர அளவிற்குக் கீழே இருந்தாலும் உடலுக்குத் தீங்கற்ற உணவு 'தரம் குறைந்த' உணவு ஆகும். இதற்கு 51 ஆம் பிரிவின்படி 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம், சிறைத்தண்டனை இல்லை. உடலுக்குத் தீங்கு தரும் உணவு 'பாதுகாப்பற்ற' உணவு ஆகும். இதற்கு 59 ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனையும் உண்டு. வாங்குபவர் கேட்ட தன்மையில் உணவு இல்லாதபோது விதிக்கப்படும் 50 ஆம் பிரிவுத் தண்டம், பதிவு மட்டும் தேவைப்படும் சிறு வணிகருக்கு 25,000 ரூபாய்க்கு மேற்படாமல் வரம்பிடப்பட்டது.

பால் கலப்படம் தொடர்பான பொதுநல வழக்கொன்றில் 2016 ஆகத்து 5 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மத்திய, மாநில அரசுகள் இச்சட்டத்தை மேலும் திறம்படச் செயற்படுத்த வேண்டும் எனவும், கலப்படத்திற்கான தண்டனையைக் கடுமையாக்குவதைக் கருத வேண்டும் எனவும் கூறியது.

அளவுகோலுக்குள் வராத தீங்குகள்

மேற்கூறிய அளவுகள் பாலின் நிறைவைக் காட்டுகின்றன, நோயின்மையைக் காட்டுவதில்லை. 8.6 விழுக்காடு திடப்பொருள் உள்ள பாலிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

நோய்க்கிருமிகள்

கருச்சிதைவு நோய் எனப்படும் புரூசெல்லா தொற்று, மாட்டுக் காசநோய், கியூ காய்ச்சல் ஆகியவை நோயுற்ற விலங்கின் காய்ச்சாத பால் வழியாக மனிதருக்குப் பரவக்கூடியவை. சால்மொனெல்லா, லிசுத்தீரியா, காம்பைலோபாக்டர், சில வகை ஈ. கோலை ஆகியவை சாணம், கை, பாத்திரம், நீர் ஆகியவற்றிலிருந்தும் பாலில் கலக்கலாம். புரூசெல்லா தொற்றிய பசு சினையின் பிற்பகுதியில் கன்று வீசும். மனிதரில் இந்நோய் விட்டு விட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டு வலியாகவும் தோன்றும். 2019 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி போடுவது சேர்க்கப்பட்டது.

காலமும் வெப்பமும்

கறந்த பாலில் நுண்ணுயிர்களின் பெருக்கத்தைச் சிறிது நேரம் தடுக்கும் இயற்கைப் பொருட்கள் உள்ளன. அந்நேரம் கடந்தபின் பெருக்கம் விரைவாகும். எடுத்துக்காட்டாக, ஒரு மில்லிலிட்டரில் 10,000 நுண்ணுயிர்கள் உள்ள பாலில் அவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்து 25,60,000 ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டு விதியில் பச்சைப் பசும்பாலுக்கு வைத்த வரம்பு மில்லிலிட்டருக்கு 1,00,000 ஆகும். காலையில் கறந்து ஒரு மணி நேரத்தில் வீடு சேரும் பாலுக்கும், குளிரூட்டப்படாமல் நண்பகல் வரை தேநீர்க் கடையில் காத்திருக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

காய்ச்சினாலும் நீங்காதவை

பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் அப்லாடாக்சின் என்னும் நச்சு உருவாகிறது. இதனைத் தின்ற மாட்டின் பாலில் அது அப்லாடாக்சின் எம்1 என்னும் வடிவில் வெளிப்படும். காய்ச்சுவதால் இந்நச்சு அழிவதில்லை. இந்தியாவில் இதற்கான வரம்பு கிலோவிற்கு 0.5 மைக்ரோகிராம் ஆகும். ஆணையம் 2018 ஆம் ஆண்டு நடத்தி 2019 அக்டோபரில் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 93 விழுக்காடு பாதுகாப்பானவை எனவும், 12 மாதிரிகளில் மட்டுமே தீங்கான கலப்படம் இருந்தது எனவும் அறியப்பட்டது. ஆனால் 368 மாதிரிகளில் அப்லாடாக்சின் எம்1 வரம்பைக் கடந்திருந்தது. தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 551 மாதிரிகளில் 88 இவ்வகையின. பச்சைப்பாலைவிடப் பதப்படுத்திய பாலிலேயே இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மடிநோய்க்குச் செலுத்தப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சமும் இவ்வகையைச் சேரும். அதே ஆய்வில் 77 மாதிரிகளில் இவ்வெச்சம் வரம்பைக் கடந்திருந்தது. மருந்து செலுத்திய பின் எத்தனை நாட்களுக்குப் பாலை விற்கக் கூடாது என்பது மருந்தின் உறையில் குறிக்கப்பட வேண்டும் எனவும், உறுதி செய்யப்பட்ட கால அளவு இல்லாத மருந்துகளுக்குப் பாலைப் பொறுத்து அது 7 நாட்களுக்குக் குறையக் கூடாது எனவும் 2012 ஆம் ஆண்டு விதி செய்யப்பட்டது. அந்நாட்களின் வருவாய் இழப்பு சிறு விவசாயிக்குப் பெருஞ்சுமை ஆகும். அப்பாலைச் சங்கத்திற்கோ வாடிக்கை வீட்டிற்கோ ஊற்றாமல் இருப்பது முழுவதும் அவரது மனச்சான்றைச் சார்ந்தே உள்ளது.

காய்ச்சுதல்

பாலை 63 °செ வெப்பநிலையில் 30 நிமிடங்கள், அல்லது 72 °செ வெப்பநிலையில் 15 நொடிகள் வைத்திருந்து உடனே குளிர்விப்பது பாசுச்சர் முறை எனப்படும். வீட்டில் பால் பொங்கும் வரை காய்ச்சுவது இவ்வெப்பநிலைகளைக் கடந்துவிடுவதால், மேற்கூறிய நோய்க்கிருமிகள் அதில் அழிகின்றன. தமிழ்நாட்டில் பாலைக் காய்ச்சியே குடிப்பதும், காய்ச்சி ஆறிய பாலிலேயே உறை ஊற்றுவதும் பொதுவழக்கம். பச்சைப்பால் விற்பனையைத் தடை செய்யாத சட்டம் உண்மையில் இவ்வழக்கத்தின் மீதே தங்கி நிற்கிறது எனலாம்.

இவ்வழக்கத்திற்கு விலக்குகளும் உள்ளன. கறந்த சூட்டுடன் பால் குடிப்பது உடலுக்கு வலுவூட்டும் என்னும் நம்பிக்கை சிலரிடம் உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்குக் கழுதைப்பாலைக் கண்ணெதிரே கறந்து காய்ச்சாமலே சங்கில் புகட்டும் பழக்கமும் தமிழ்நாட்டில் காணப்படுகிறது. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்குக் காய்ச்சாத பால் மிகுந்த இடர் தரும் என்பதால் மருத்துவர்கள் இப்பழக்கங்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகின்றனர்.

மலைமாடும் நாட்டுமாட்டுப் பாலும்

தேனி மாவட்டத்தின் மலைமாடுகள் மந்தையாக மலையடிவாரக் காடுகளில் மேய்ந்து பழகியவை. இவற்றை வளர்ப்பதன் முதன்மை நோக்கம் பால் அன்று. வயல்களில் கிடை போட்டு எரு பெறுவதே ஆகும். திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதனைத் தேசியப் பூங்காக்கள், காட்டுயிர்ப் புகலிடங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றிற்கு எனச் சுருக்கியது. மேய்ச்சல் நிலம் குறைவது இம்மாடுகளின் வளர்ப்பைப் பாதிக்கிறது.

நாட்டுமாட்டுப் பால் 'ஏ2 பால்' என்னும் பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படுவது உண்டு. பாலின் பீட்டா கேசீன் புரத வகையைக் குறிக்கும் இப்பெயரை உறைகளிலிருந்து நீக்குமாறு ஆணையம் 2024 ஆகத்து 21 அன்று அறிவுறுத்தி, ஐந்து நாட்களில் அவ்வறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றது. புரத வகை எதுவாயினும் பச்சைப்பாலின் நோய்க்கிருமி இடர் மாறுவதில்லை.

எல்லை கடக்கும் பால்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு எல்லையில் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உள்ளது. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியே பொருட்கள் செல்கின்றன. ஓணத்தையொட்டிப் பால் தேவை உயரும்போது கேரளப் பால்வள மேம்பாட்டுத் துறை எல்லைச் சாவடிகளில் பால் சோதனைக் கூடங்களை அமைப்பது வழக்கம். குமுளியிலும் அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. வண்டியில் செல்லும் பால் இவ்வாறு சோதிக்கப்படுகிறது. ஊருக்குள் மிதிவண்டியில் செல்லும் பாலை நாள்தோறும் சோதிப்பவர் வாங்கும் குடும்பத்தினரே ஆவர்.

பிற நாடுகளில்

- இங்கிலாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றில் பண்ணையிலிருந்து நேரடியாகப் பச்சைப்பால் விற்கலாம். சூடேற்றப்படாத பால் என்னும் எச்சரிக்கை தேவை. இசுக்காட்லாந்தில் 1983 முதல் தடை உள்ளது.
- கனடாவில் 1991 முதல் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது.
- அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை 1987 இல் தடை செய்யப்பட்டது. மாநிலத்திற்குள் அந்தந்த மாநிலச் சட்டம் பொருந்தும்.
- செருமனியில் பண்ணையில் விற்கலாம். 'குடிக்குமுன் காய்ச்சவும்' என்னும் அறிவிப்பு வைக்கப்பட வேண்டும்.
- நியூசிலாந்து 2016 மார்ச்சு முதல் பதிவு, தொடர் சோதனை, வாங்குபவர் விவரப் பதிவேடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. வாங்குபவர் விவரம் இருப்பதால், சோதனையில் கிருமி தென்பட்டால் பாலைக் குடித்தோரை உடனே எச்சரிக்க இயலும்.

விவாதம்

நேரடி விற்பனையை ஆதரிப்போர், விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே சிறந்த கண்காணிப்பு என்கின்றனர். நீர் கலந்த பாலைப் பக்கத்துத் தெரு வாடிக்கையாளர் மறுநாளே நிறுத்திவிடுவார். இடைத்தரகர் இல்லாததால் விலையும் விவசாயிக்கே சேரும். பதிவு விதியைக் கடுமையாக்கினால் ஓரிரு மாடு வைத்திருக்கும் பெண்களும் நிலமற்றோரும் தொழிலை விட்டு விலகுவர் எனவும் அவர்கள் அஞ்சுகின்றனர்.

கட்டுப்பாட்டை வலியுறுத்துவோர், நீர் கலப்பை நாக்கு கண்டுபிடிக்கலாம், புரூசெல்லாவையும் அப்லாடாக்சினையும் நாக்கு கண்டுபிடிக்காது என்கின்றனர். நோய் பரவினால் எந்த மாட்டின் பால் யாருக்குச் சென்றது என்பதை அறியப் பதிவே முதற்படி என்பது அவர்களது வாதம்.

இரு தரப்பு வாதங்களும் வெவ்வேறு தீங்குகளைப் பற்றியவை. நீர் கலப்பிற்கு அளவையும் பால்மானியும், கிருமிக்குத் தூய கறவையும் விரைவான விநியோகமும் காய்ச்சுதலும், நச்சிற்கு உலர்ந்த தீவனமும், மருந்து எச்சத்திற்குக் காத்திருப்பு நாட்களும் எனத் தீங்கு ஒவ்வொன்றிற்கும் தடுப்பிடம் வேறாகும். இவற்றுள் காய்ச்சுதல் ஒன்றே வாங்குபவரின் கையில் உள்ளது. ஏனையவை பால் வீட்டு வாசலுக்கு வருமுன், மாட்டுக்கொட்டிலிலேயே முடிய வேண்டியவை ஆகும்.